‘டேபிள் பண்ணலாம்’ என்றால் பேசலாமா, தள்ளிப்போடலாமா? ஆபீஸ் ஆங்கிலத்தில் வழுக்கிவிடும் சொற்றொடர்கள்

இரவு 8 மணி. சென்னையில் ஒரு ஊழியர், லண்டனில் ஒருவர், நியூயார்க்கில் ஒருவர் என மூன்று பேர் வீடியோ காலில் இருக்கிறார்கள். பட்ஜெட் பேச்சு வருகிறது. “லெட்ஸ் டேபிள் திஸ்” என்கிறார் லண்டன்காரர். நியூயார்க்காரர் தலையாட்டுகிறார். மினிட்ஸ் எழுதும் பொறுப்பு சென்னை ஊழியருடையது. அவர் என்ன எழுத வேண்டும்?

லண்டன்காரர் சொன்னது, ‘இதை இப்போதே எடுத்துப் பேசுவோம்’ என்று. நியூயார்க்காரர் புரிந்துகொண்டது, ‘இதை இப்போதைக்கு ஓரமாக வைப்போம்’ என்று. சொல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். இத்தனைக்கும் இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான்.

இது கற்பனைக் காட்சி. ஆனால் இந்தக் குழப்பம் உண்மையில் நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஒரு அறிக்கையை அவசரமாக விவாதிக்க வேண்டும் என்பதற்காக பிரிட்டன் தரப்பு ‘டேபிள்’ பண்ணலாம் என்றது. ‘இவ்வளவு முக்கியமானதை ஏன் கிடப்பில் போடச் சொல்கிறார்கள்?’ என்று அமெரிக்கத் தரப்பு எதிர்த்தது. வாக்குவாதம் நீண்டு சூடானது. கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய போர் நினைவு நூலில் இதைப் பதிவு செய்திருப்பவர், அப்போது பிரிட்டனின் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில்.

அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆங்கிலத்தைப் பள்ளியில் பாடமாகப் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் எங்கே வழுக்குவார்கள்? வழுக்காமல் இருக்க என்ன வழி?

எல்லாச் சொல்லும் தெரியும், ஆனாலும் புரியாது. ஏன்?

‘மரபுத்தொடர்’ என்று தமிழ் இலக்கண வகுப்பில் படித்ததைத்தான் ஆங்கிலத்தில் ‘இடியம்’ என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் பார்த்துக் கூட்டினாலும் மொத்தத் தொடரின் பொருள் கிடைக்காது.

நம்ம ஊர் உதாரணமே போதும். ‘அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், கேட்கிற அமெரிக்கர் ‘எவ்வளவு நல்ல நண்பர்!’ என்று மகிழ்ந்துபோவார். ‘கம்பி நீட்டிட்டான்’, ‘காதுல பூ சுத்துறான்’, ‘தண்ணி காட்டிட்டான்’ எல்லாமே இந்த ரகம். இவற்றை யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டுப் பழகியவை. ஆங்கிலத்தில் அந்தத் தெரு நமக்கு இல்லை என்பதுதான் சிக்கல்.

மரபுத்தொடரில் ஒரு சொல்லை மாற்றினாலும் உடைந்துவிடும். ‘ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்’ என்பதை ‘ரெண்டு கொய்யா’ என்று சொன்னால் பொருள் புரியும், சிரிப்பும் வரும். ஆங்கிலத்தில் அதே கல்லுக்கு மாங்காய் விழுவதில்லை, இரண்டு பறவைகள் விழுகின்றன. அங்கே போய் மாங்காயைச் சொன்னால் ‘ஏன் மாங்காய்?’ என்றுதான் கேட்பார்கள்.

ஒரு சொல்லுக்கு என்ன விலை? கொரியா, 1951

புரியவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. கொரியப் போரில் இதற்கு ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது.

1951 ஏப்ரல் இறுதி. இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த ஒரு படைப்பிரிவு, தன்னைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படையிடம் சிக்கியிருந்தது. அந்தப் பகுதியின் பிரிட்டிஷ் தளபதி பிரிகேடியர் டாம் பிரோடி. மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் நிலைமை என்ன என்று கேட்டபோது, கொஞ்சம் ‘ஸ்டிக்கி’யாக இருக்கிறது என்ற தொனியில் பிரோடி பதில் சொன்னார்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு அதிகாரி வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால், நிலைமை கைமீறிப் போகிறது, உடனே உதவி வேண்டும் என்று பொருள். பதறாமல், எதையும் குறைத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். அமெரிக்கத் தரப்பு அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. ‘கொஞ்சம் சிரமம்தான், சமாளித்துக்கொள்வார்கள்’ என்று நினைத்தது. தாக்குப்பிடிக்கச் சொல்லி உத்தரவு போனது.

இறுதியில் அந்தப் படைப்பிரிவில் 500-க்கும் மேற்பட்டோர் கைதிகளானார்கள். மலையிலிருந்து தப்பித் தங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 40 பேர்தான். ஒரு போரின் முடிவுக்கு ஒற்றைச் சொல் மட்டும் காரணமாகிவிடாது. ஆனாலும் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ‘ஸ்டிக்கி’யை இன்றும் விடாமல் சொல்கிறார்கள்.

அலுவலகத்தில் யாரும் குண்டடி படுவதில்லை. ஆனால் ‘நாட் பேட்’ என்று பிரிட்டிஷ் மேனேஜர் சொன்னால் அது பெரும்பாலும் பாராட்டு என்பது தெரியாமல் மனம் உடைபவர்கள் உண்டு. ‘க்வைட் குட்’ என்பது அமெரிக்கர் வாயில் ‘ரொம்ப நல்லாயிருக்கு’. பல நேரம் பிரிட்டிஷ்காரர் வாயில் அதுவே ‘பரவாயில்லை’. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது மரியாதை அல்ல, மறுப்பு. ‘யூ மைட் வான்ட் டு லுக் அட் திஸ்’ என்பது விருப்பம் இருந்தால் பாருங்கள் என்பது போல ஒலிக்கும். பெரும்பாலும் அதன் பொருள்: ‘இதைச் சரி செய்யுங்கள்.’

தெரிந்த மாதிரியே இருந்து ஏமாற்றுபவை

அலுவலக ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்கும் சில தொடர்கள், நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் தலைகீழாகிவிடும்.

நோ ப்ரெய்னர்: ‘மூளையே இல்லாத ஐடியா’ என்று திட்டுவதாகத் தோன்றும். உண்மையில் இது சம்மதம். யோசிக்கவே வேண்டியதில்லை, அவ்வளவு சுலபமான முடிவு என்று பொருள். உங்கள் யோசனையை அப்படிச் சொன்னால் சந்தோஷப்படலாம்.

நோ லவ் லாஸ்ட்: ‘அவர்களுக்குள் அன்பு குறையவில்லை’ என்று நினைக்கத் தோன்றும். பொருள் நேர் எதிர்: ‘இருவருக்கும் ஆகவே ஆகாது.’ இழக்கும் அளவுக்கு அங்கே அன்பு இருந்ததே இல்லை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கட்டிங் கார்னர்ஸ்: செலவைச் சாமர்த்தியமாகக் குறைத்ததற்கான பாராட்டு அல்ல. செய்ய வேண்டியதைச் செய்யாமல், தரத்தில் கைவைத்து வேலையை முடித்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு.

பாஸ் த பக்: ‘பக்’ என்றதும் டாலர் ஞாபகம் வரும். பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போக்கர் சீட்டாட்டத்தில், அடுத்து சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட ஒரு பொருளை வைப்பார்கள். அதன் பெயர்தான் பக். பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது ‘பாஸ் த பக்’. அமெரிக்க அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் ‘த பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்ற பலகையைத் தன் மேஜையில் வைத்திருந்தார். ‘பொறுப்பு என்னைத் தாண்டிப் போகாது’ என்று பொருள்.

நாக்ட் ஃபார் சிக்ஸ்: கிரிக்கெட் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய தொடர். சிக்ஸர் என்றால் நமக்குக் கொண்டாட்டம். ‘அந்தச் செய்தி என்னை நாக்ட் ஃபார் சிக்ஸ்’ என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள். இங்கே அவர் பேட்ஸ்மேன் அல்ல, பந்து. அடி வாங்கி நிலைகுலைந்து போயிருக்கிறார்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு

அமெரிக்கர்களோடு வேலை செய்கிறவர்கள் தினமும் கேட்கும் பல தொடர்கள் அவர்களது பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தவை. விளையாட்டு தெரியாததால் தொடரும் தெரிவதில்லை. கொஞ்சம் விதி தெரிந்தால் போதும்.

பேஸ்பாலில் ஓடுபவர், ‘பேஸ்’ எனப்படும் இடங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் ஓட வேண்டும். அதிலிருந்து ‘டச் பேஸ்’: சுருக்கமாக ஒருமுறை பேசி, நிலைமை என்ன என்று தெரிந்துகொள்வது. ‘வெள்ளிக்கிழமை டச் பேஸ் பண்ணலாம்’ என்றால் பெரிய மீட்டிங் எதுவும் இல்லை, ஐந்து நிமிடப் பேச்சு.

‘பால்பார்க்’ என்பது பேஸ்பால் மைதானம். ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் உத்தேசக் கணக்கு. கேட்டவர் பைசா சுத்தமாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து துல்லியமான எஸ்டிமேட் போட வேண்டாம். பத்து லட்சமா, ஒரு கோடியா என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

பந்து வீசுபவர் வளைத்துப் போடும் பந்து ‘கர்வ்பால்’. எதிர்பாராத சிக்கல் அல்லது கேள்வி வந்தால் அதைச் சொல்வார்கள்.

பேட் பிடிப்பவர் நிற்கும் இடத்தில் தரையில் ஒரு பலகை பதித்திருப்பார்கள். அது ‘ப்ளேட்’. ‘ஸ்டெப் அப் டு த ப்ளேட்’ என்றால் சாப்பாட்டுத் தட்டு அல்ல. முன்வந்து பொறுப்பை ஏற்றுக்கொள் என்கிறார்கள்.

பிரிட்டனுக்குப் போனால் மைதானம் மாறும். அங்கே கிரிக்கெட் தொடர்கள் நிறைய. ‘ஆன் த பேக் ஃபுட்’ என்றால் தற்காப்பு நிலைக்குத் தள்ளப்படுவது. ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால் இக்கட்டான நிலை. ஆடுகளத்தை மூடி வைக்காத காலத்தில், மழை பெய்து வெயிலில் காயும் பிட்ச்சில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்லவே முடியாது. அந்தக் கஷ்டத்திலிருந்து வந்த தொடர் இது.

நன்னூலில் இருக்கிறது ‘கார்ப்பரேட்’ ஆங்கிலம்

‘பேண்ட்விட்த் இல்லை’ என்றால் வேறு வேலைக்கு நேரமில்லை. ‘சர்க்கிள் பேக்’ என்றால் பிறகு இதற்குத் திரும்பி வருவோம். ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’ என்றால் எளிதில் கைக்கு எட்டும் வேலை. ‘கீப் மீ இன் த லூப்’ என்றால் எனக்கும் தகவல் சொல்லுங்கள். ‘பென்சில் இட் இன்’ என்றால் தேதி உறுதியில்லை, தற்காலிகமாகக் குறித்து வையுங்கள். ‘த்ரோ அண்டர் த பஸ்’ என்றால் தான் தப்பிப்பதற்காகக் கூட இருப்பவரை மாட்டிவிடுவது.

ஒரு தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் மட்டும் புரியும்படி பேசுவது புதிதல்ல. சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தைய நன்னூலே அதற்குக் ‘குழூஉக்குறி’ என்று பெயர் வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார் என்று பள்ளியில் படித்த உதாரணங்கள் ஞாபகம் இருக்கலாம். அந்தக் குழுவுக்குள் புதிதாக வருகிறவருக்குப் புரியாதது இயல்பு. அதை ஆங்கில அறிவுக் குறைவாக எண்ணிக் கூச வேண்டியதில்லை.

அதே வரிசையில் நன்னூல் சொல்லும் இன்னொன்று ‘மங்கலம்’. மங்கலமில்லாததை நல்ல சொல்லால் சொல்வது. செத்தார் என்னாமல் ‘துஞ்சினார்’ என்பது இந்த வகை. கார்ப்பரேட் உலகம் இதை நன்றாகவே கற்றுவைத்திருக்கிறது. ‘வீ ஹேவ் டு லெட் யூ கோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உங்களைப் போக விட வேண்டியிருக்கிறது’. வேலை போய்விட்டது என்பதுதான் செய்தி. ‘ரைட்சைஸிங்’ என்பது சரியான அளவுக்குக் கொண்டுவருவது போலக் கேட்கும், அதன் பொருள் ஆட்குறைப்பு. இந்தச் சொற்கள் மெயிலில் வந்தால் இரண்டு முறை படிப்பது நல்லது.

நாம் பேசுவது அவர்களுக்குப் புரிகிறதா?

இது ஒருவழிப் பாதை அல்ல. இந்திய ஆங்கிலத்துக்கும் தனி மரபு இருக்கிறது.

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2021’ என்றால் இங்கே கல்லூரி முடித்த ஆண்டு. அமெரிக்கர் காதில் ‘2021-ல் மயங்கி விழுந்தேன்’ என்று விழும். ‘கிராஜுவேட்டட்’ என்று சொன்னால் பிரச்சினையே இல்லை.

‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி. அவர்களுக்கு அது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை’ என்று கேட்கலாம். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும்.

‘ஐ வில் ரிவர்ட்’ என்றால் நாம் பதில் அனுப்புவோம். அந்தச் சொல்லின் பழைய பொருள் முந்தைய நிலைக்குத் திரும்புவது. சாஃப்ட்வேர் வேலையில் ‘ரிவர்ட்’ என்றால் செய்த மாற்றத்தை நீக்குவது என்பதால், இந்த ஒரு சொல் வேலையையே குழப்பிவிடும். ‘ஐ வில் ரிப்ளை’ என்று எழுதுவது பத்திரம்.

‘டூ த நீட்ஃபுல்’ பிரிட்டிஷ் ஆட்சிக் கால அலுவலகக் கடிதங்களின் மிச்சம். பிரிட்டனிலேயே வழக்கொழிந்து, இங்கே நலமாக இருக்கிறது. ‘ப்ரீபோன்’ நம்ம ஊரில் அதிகம் புழங்கும் சொல். ‘போஸ்ட்போன்’ இருந்தால் ‘ப்ரீபோன்’ இருக்கக் கூடாதா என்ற நியாயத்தில் பிறந்து, இப்போது ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது.

இவை தவறான ஆங்கிலம் என்று சொல்லிவிட முடியாது. கோடிக்கணக்கானவர்கள் பேசினால் அதுவும் வழக்குத்தான். எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பயன்படுத்தினால் போதும்.

வாட்ஸ்அப்பில் வரும் மூலக்கதைகளை நம்பலாமா?

சில தொடர்களின் பிறப்புக்கு உறுதியான சான்று இருக்கிறது. ‘பேக் டு த டிராயிங் போர்டு’ என்றால் முதலிலிருந்து மறுபடி திட்டமிடுவது. 1941-ல் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கார்ட்டூன் இதைப் பரப்பியது. விமானம் தரையில் மோதிக் கிடக்கும், எல்லோரும் ஓடுவார்கள், வடிவமைத்தவர் மட்டும் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலட்டிக்கொள்ளாமல் திரும்பி நடப்பார்.

‘டெட்லைன்’ கதை கசப்பானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் ஒரு கைதிகள் முகாம் இருந்தது. அங்கே சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு தாழ்வான வேலி. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்தக் கோடுதான் ‘டெட் லைன்’. பிறகு இருபதாம் நூற்றாண்டில் பத்திரிகை அலுவலகங்களில் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு அந்தப் பெயர் வந்தது.

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ விஷயத்தில் அப்படி இல்லை. கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்ற கதை அழகாக இருக்கிறது, ஆதாரம் கிடையாது. பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுக்கும் இந்தத் தொடரைப் பெரிய மழையிலும் ஆங்கிலேயர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. ‘இட்ஸ் போரிங்’ என்றுதான் அதிகம் கேட்கும். அதாவது ‘கொட்டுது’. சலிப்பைச் சொல்லும் ‘போரிங்’ வேறு சொல், எழுத்தும் வேறு.

சரி, என்ன செய்யலாம்?

1. பொருளைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம்’ என்று தொடங்கி, புரிந்துகொண்டதை எளிய சொற்களில் ஒரு வரியில் சொல்லலாம். ‘அடுத்த வாரம் பேசப் போகிறோம், இன்று இல்லை, சரிதானே?’ அவ்வளவுதான். ‘எனக்குப் புரியலை’ என்று ஒப்புக்கொள்ளும் தயக்கமும் இதில் இல்லை. கவனமாக வேலை செய்பவர் என்ற பெயர்தான் கிடைக்கும்.

2. தேதியும் எண்ணும் கேளுங்கள். ‘சர்க்கிள் பேக்’, ‘டச் பேஸ்’, ‘டவுன் த லைன்’ போன்றவை காலத்தை மழுப்பும். ‘எந்தக் கிழமை?’ என்று கேட்டுவிட்டால் மழுப்பல் நின்றுவிடும்.

3. அகராதியில் அடையாளக் குறிப்பையும் பாருங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகள் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடர் முழுவதையும் தட்டச்சு செய்து தேடலாம். பிரிட்டன் வழக்கா, அமெரிக்க வழக்கா, பேச்சு வழக்கா, பழசாகிவிட்டதா என்ற குறிப்புகளும் இருக்கும். பொருளைவிட அந்தக் குறிப்பு சில நேரம் முக்கியம்.

4. காதில் விழாததை வாயில் எடுக்காதீர்கள். பட்டியல் பார்த்து மனப்பாடம் செய்த தொடரை மீட்டிங்கில் இறக்கினால் பொருந்தாமல் நிற்கும். அதே குழுவில் இரண்டு மூன்று பேர் இயல்பாகச் சொல்லிக் கேட்ட பிறகு பயன்படுத்தினால் பிழை வராது.

5. எழுத்தில் எளிமை. மெயிலும் மினிட்ஸும் பல நாட்டினர் படிப்பவை. ‘மூட் பாயின்ட்’ என்று எழுதினால் பிரிட்டனில் ‘விவாதத்துக்குரியது’, அமெரிக்காவில் ‘இனிப் பேசிப் பயனில்லை’. எதைச் சொல்ல வருகிறோமோ அதை நேராகவே எழுதிவிடலாம்.

இப்போது அந்த 8 மணி காலுக்குத் திரும்பினால், சென்னை ஊழியர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மைக்கை அன்மியூட் செய்து கேட்க வேண்டும்: ‘பட்ஜெட்டை இப்போதே பேசுகிறோமா, அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவைக்கிறோமா?’ லண்டன்காரரும் நியூயார்க்காரரும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பதில்களைச் சொல்வார்கள். அப்போதுதான் அந்த மீட்டிங்கே உண்மையில் தொடங்கும்.